லேயர் படங்களை அனிமேஷன் மென்பொருளுக்குள் கொண்டுபோவது: புதியவர்களுக்கு

படத்தை வரைந்து முடித்தாயிற்று. தலை தனி, கண் தனி, கை தனி என்று லேயர் லேயராகத்தான் வைத்திருக்கிறீர்கள். அனிமேஷன் மென்பொருளில் திறந்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே படமாக வந்து நிற்கிறது. இல்லாவிட்டால் 'லேயர் 47 காப்பி 3' போன்ற பெயர்களோடு நூற்றுச் சொச்சம் லேயர்கள் வந்து குவிகின்றன. நிழல் கறுத்துப்போய், கண்ணாடி ஒரு பக்கம் விலகி, அரைமணி நேரம் தேடினாலும் எங்கே பிசகியது என்று பிடிபடாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இம்போர்ட் பெட்டியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியில் ஒரு நிமிட வேலைதான் இருக்கிறது. நேரம் பிடிப்பது அதற்கு முன்னால், வரைந்த ஃபைலை ஆயத்தம் செய்வதில். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அந்த ஆயத்தம்தான்.

உதாரணத்துக்கு ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடி, கொண்டை, புடவை. வலது கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், கண் சிமிட்ட வேண்டும், பேச வேண்டும்.

முதலில் ஒரு நகல்

வரைந்த ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, 'சேவ் ஆஸ்' கொடுத்து ஒரு நகல் எடுங்கள். ஒன்றின் பெயரில் 'மாஸ்டர்' என்றும் மற்றதில் 'அனிம்' என்றும் சேர்த்துக்கொண்டால் போதும். இனி செய்யப்போகும் வெட்டு, ஒட்டு, மெர்ஜ் (லேயர்களை ஒன்றாக்குவது) எல்லாம் அனிம் ஃபைலில் மட்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மெர்ஜ் செய்து சேமித்து மூடிய லேயரை அப்புறம் பிரிக்க வழியில்லை.

ஃபைல் வகை பி.எஸ்.டி.யாக இருக்கட்டும். ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவம்தான் என்றாலும், லேயரை வாங்கிக்கொள்ளும் அனிமேஷன் மென்பொருள்களில் பெரும்பாலானவை முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். கிருதாவிலும் கிம்ப்பிலும் பி.எஸ்.டி.யாக எடுக்கலாம். ப்ரோக்ரியேட்டில் 'ஷேர்' பட்டியலில் இருக்கிறது. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை: 'எக்ஸ்போர்ட் சிங்கிள் லேயர்' என்பதைத் தொட்டால் எல்லாம் ஒட்டிப்போய் வரும். 'சேவ் டூப்ளிகேட்' வழியாகப் போனால்தான் லேயர்கள் பிழைக்கும். ஜேபெக், பி.என்.ஜி. இரண்டிலும் லேயர் என்ற பேச்சே கிடையாது.

பி.எஸ்.டி.க்கு ஒரு பக்கம் 30,000 பிக்சல், மொத்தம் 2 ஜி.பி. என்று உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஃபோட்டோஷாப் பி.எஸ்.பி. என்ற பெரிய வடிவத்தைக் கேட்கும். அதைப் பல அனிமேஷன் மென்பொருள்கள் தொடுவதில்லை. ஒரு பாட்டிக்கு அந்த வரம்பு வரை போகிறதென்றால் கேன்வாஸ் அளவிலேயே ஏதோ தவறு.

ஃபோட்டோஷாப்பில் சேமிப்பவர்கள் ப்ரிஃபரன்ஸில் 'ஃபைல் ஹேண்ட்லிங்' பகுதிக்குப் போய் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை எப்போதும் இயங்கும்படி வைத்துவிடுங்கள். அது லேயர்களோடு, ஒட்டிய முழுப் படத்தின் பிரதி ஒன்றையும் ஃபைலுக்குள் சேர்த்து வைக்கும். அந்தப் பிரதியை நம்பியிருக்கும் மென்பொருள்கள் அது இல்லாவிட்டால் வெற்றுப் படத்தைக் காட்டும்.

அசைவுக்கு ஏற்பப் பிரிப்பது

வரையும்போது லேயர் பிரிப்பது வரைபவரின் வசதிக்காக: கோட்டுக்கு ஒன்று, அடிநிறத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, ஒளிக்கு ஒன்று. அனிமேஷனில் இந்தப் பிரிவு உதவாது. அங்கே ஒரே கேள்விதான்: இந்தத் துண்டு தனியாக அசையுமா? அசைந்தால் அதற்கு ஒரு லேயர். சேர்ந்தே அசையும் என்றால் சேர்த்து ஒரே லேயர்.

பாட்டியின் வலது கையைப் பாருங்கள். வரைந்தபோது கோடு, நிறம், நிழல், வளையலின் பளபளப்பு என்று நான்கு லேயர். கை மேலே போய் ஆட வேண்டும் என்றால் தேவை மேற்கை, முன்கை, உள்ளங்கை என மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய கோடு, நிறம், நிழல் எல்லாம் அந்தந்தத் துண்டுக்குள்ளேயே மெர்ஜ் ஆகிவிட வேண்டும். வளையல் மணிக்கட்டில் வழுக்குவதாக இருந்தால் அதுவும் தனி. வழுக்காது என்றால் முன்கையோடு போகட்டும்.

இனி முழங்கை. கையை நேர்க்கோட்டில் வெட்டி இரண்டாக்கினால், மடக்கியதும் வெளிப்பக்கம் முக்கோணமாகப் பிளந்து பின்னணி தெரியும். அதனால் இரண்டு துண்டும் முழங்கையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். கையின் அகலத்தையே விட்டமாக வைத்து மூட்டில் ஒரு வட்டம் போடுங்கள். மேற்கை அந்த வட்டத்தின் கீழ் விளிம்பு வரை வட்டமாக முடியட்டும். முன்கை மேல் விளிம்பிலிருந்து வட்டமாகத் தொடங்கட்டும். வட்டத்தின் நடுப்புள்ளிதான் பின்னால் சுழல்மையம் ஆகப்போகிறது. கையை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் வட்டம் வட்டமாகவே இருப்பதால் இடைவெளி விழாது.

வெளிக்கோடு உள்ள படமாக இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. மேலே இருக்கும் துண்டின் வட்ட முனையிலும் கோடு இருந்தால், முழங்கைக்குக் குறுக்கே அது வில்லாகத் தெரியும். அந்த முனையில் கோட்டை மட்டும் அழித்துவிட்டு நிறத்தை விட்டுவையுங்கள். நிறமும் இரண்டு துண்டிலும் அந்த இடத்தில் ஒன்றாகவே இருக்க வேண்டும். மூட்டுக்கு நடுவில் நிழல் சாய்வாக மாறினால் கை மடங்கும்போது ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் இடங்களையும் வரைய வேண்டும். மூக்குக்கண்ணாடி மூக்கின்மேல் சற்று இறங்கும் என்றால், அதன் பின்னால் புருவமும் கன்னமும் முழுசாக இருக்க வேண்டும். தலை திரும்பும்போது கழுத்து தெரியும் என்றால் தாடைக்குப் பின்னால் கழுத்து நீண்டிருக்க வேண்டும். கண்ணில் வெண்விழி, கருமணி, மேலிமை மூன்றும் தனி. இமைக்கு அடியில் விழி முழு வடிவத்தில் இருக்கட்டும். வாய்க்கு, பேசத் தேவையான வடிவங்கள் அத்தனையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே குரூப்புக்குள்.

எத்தனை துண்டு போதும்? புதியவர்கள் இங்கே இரண்டு பக்கமும் தவறுவார்கள். என் யோசனை: இந்தக் காட்சியில் அசையாததைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பாட்டியின் இடது கை மடியில் கிடக்கிறது என்றால் அது உடம்போடு ஒட்டியே இருக்கட்டும். பத்து விரலையும் பிரித்து வைத்துவிட்டு ஒரு விரலைக்கூட அசைக்காமல் முடிகிற ஃபைல்கள்தான் அதிகம்.

பெயர் வைப்பது

ஒவ்வொரு லேயருக்கும் தனிப்பெயர். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வரவே கூடாது. சில மென்பொருள்கள் பின்னால் ஃபைலைப் புதுப்பிக்கும்போது பெயரை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்கின்றன. இடது, வலது என்பதில் பாத்திரத்தின் இடதா, பார்ப்பவரின் இடதா என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து, கடைசி வரை மாற்றாதீர்கள். நான் பாத்திரத்தின் பக்கத்தையே எடுத்துக்கொள்வேன்.

லேயர் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், ஆசைதான், ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பி.எஸ்.டி. ஃபைலுக்குள் லேயரின் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று பழைய முறை, ஆங்கில எழுத்தை மனதில் வைத்து உருவானது. மற்றது பிற்பாடு சேர்த்த யூனிகோடு பகுதி. இரண்டாவதைப் படிக்கும் மென்பொருளில் 'முழங்கை' என்பது முழங்கையாகவே வரும். பழையதை மட்டும் படிக்கும் மென்பொருளில் கேள்விக்குறிகளாக வரும். பத்து லேயரும் கேள்விக்குறியாக வந்தால் எல்லாப் பெயரும் ஒன்றாகிவிடும். ஃபைல் பெயருக்கும் ஃபோல்டர் பெயருக்கும் இதே எச்சரிக்கை. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் போதும். சாய்கோடு, முக்காற்புள்ளி போன்ற குறிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

அடோபி கேரக்டர் அனிமேட்டரில் பெயர் வெறும் அடையாளம் இல்லை, கட்டளை. 'ஹெட்', 'மவுத்' என்று ஆங்கிலத்தில் அது எதிர்பார்க்கும் பெயரை வைத்தால் அந்தந்த உறுப்பைத் தானே கண்டுகொள்ளும். பெயருக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அந்தத் துண்டு மற்றவற்றோடு சேர்ந்து வளையாமல் தனித்து இயங்கும்.

சுட்டுவிட வேண்டியவை

லேயர் ஸ்டைல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அட்ஜஸ்ட்மென்ட் லேயர், லேயர் மாஸ்க், கிளிப்பிங் மாஸ்க் எல்லாம் ஃபோட்டோஷாப்புக்குள் சௌகரியம். வெளியே போனால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடத்தும். சில ஏற்றுக்கொள்ளும், சில சத்தமில்லாமல் விட்டுவிடும். அனிம் நகலில் இவற்றையெல்லாம் ராஸ்டரைஸ் செய்து, மாஸ்க்கை அப்ளை செய்து, சாதாரணப் பிக்சலாக ஆக்கிவிடுவதே நிம்மதி. சுட்டுவிடுவது என்று சொல்வது இதைத்தான்.

இதில் அதிகம் தொல்லை தருவது நிழல்தான். கீழே உள்ள நிறத்தோடு கலந்து அதை அடர்த்தியாக்கும் மல்டிப்ளை மோடில் சாம்பல் நிறத்தில் போட்ட நிழல், அந்த மோடு தெரியாத இடத்துக்குப் போனதும் அழுக்குச் சாம்பல் திட்டாக மேலே உட்கார்ந்துகொள்ளும். கைக்குள்ளேயே விழும் நிழலைக் கையின் நிறத்தோடு மெர்ஜ் செய்துவிடுங்கள். பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கை உடம்பின்மேல் விழுத்தும் நிழல் தனியாக நகர வேண்டியது. அதை நார்மல் மோடில், அடர் நிறத்தில், ஒபாசிட்டியை (ஒளிபுகாத அளவை) குறைத்து மறுபடி வரைவது பாதுகாப்பு.

கலர் மோடு ஆர்.ஜி.பி., ஒரு சேனலுக்கு 8 பிட். அச்சுக்காக சி.எம்.ஒய்.கே.யில் வரைந்த படமாக இருந்தால் மாற்றியபின் நிறங்களை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். லைவ்2டி க்யூபிசம் போன்றவை இந்த ஆர்.ஜி.பி., 8 பிட் விஷயத்தில் கண்டிப்பானவை.

அளவும் அந்த ஒற்றைப் புள்ளியும்

72 டி.பி.ஐ.யா, 300 டி.பி.ஐ.யா (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திரையில் பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு. வீடியோ 1920 × 1080 என்றால், கேமரா பாட்டியின் முகத்தை இரண்டு மடங்கு நெருங்கப்போகிறது என்றால், 3840 × 2160 கணக்கில் வரைந்திருக்க வேண்டும். நெருங்கப் போவதில்லை என்றால் அவ்வளவு தேவையில்லை.

தேவைக்கு மேல் பெரிதாக்கினால் விலை நினைவகத்தில் போகும். வட்டில் சுருங்கிக் கிடக்கும் படம் வேலைக்கு வரும்போது விரியும். 4000 × 4000 பிக்சலில் நான்கு சேனல் உள்ள ஒரு 8 பிட் லேயர் 6.4 கோடி பைட்டு, அதாவது 64 எம்.பி. அப்படி 20 லேயர் இருந்தால் 1.28 ஜி.பி. கையளவு இடத்தை மட்டும் அடைக்கும் லேயருக்கு இவ்வளவு ஆகாது. அதன் எல்லைப்பெட்டி, அதாவது வரைந்த பகுதியைச் சுற்றி நிற்கும் செவ்வகம், சிறியது.

அந்த எல்லைப்பெட்டியைக் கெடுப்பதற்கு ஒரு பிக்சல் போதும். பாட்டியின் கருமணி லேயரில், வரையும்போது பேனா பட்டு, கேன்வாஸின் மூலையில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். மென்பொருளுக்கு அந்த லேயர் கண்ணிலிருந்து மூலை வரை நீண்ட பெரிய செவ்வகம். நினைவகம் வீண். அதைவிட மோசம், சுழல்மையம் அந்தச் செவ்வகத்தின் நடுவில், பாட்டியின் தோளுக்கு அருகே எங்கோ போய் உட்காரும். கருமணியைத் திருப்பினால் அது முகத்தைவிட்டே பறக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ஃபோட்டோஷாப்பில் லேயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். வரும் சட்டம் படத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றால் எங்கோ குப்பை இருக்கிறது. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, அந்த லேயருக்குத் தற்காலிகமாகச் சிவப்பு நிற ஸ்ட்ரோக் ஸ்டைல் போடுங்கள். கண்ணில் படாத புள்ளியைச் சுற்றியும் சிவப்பு வளையம் விழும். அழித்துவிட்டு ஸ்டைலை எடுத்துவிடுங்கள்.

சேமிக்கும் முன் கடைசியாக ஒன்று: எல்லா லேயரும் சரியாகத் தெரியும் நிலையில் ஒட்டிய பி.என்.ஜி. ஒன்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிடத் தேவைப்படும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இம்போர்ட்

கன்ட்ரோல் + ஐ, ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் 'ஃபோட்டோஷாப் சீக்வென்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இம்போர்ட் வகையில் மூன்று தேர்வு வரும்.

'ஃபுட்டேஜ்' என்றால் எல்லாம் ஒட்டிய ஒரே படம், அல்லது நீங்கள் சுட்டும் ஒரே லேயர். ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

'கம்போசிஷன்' என்றால் லேயர்கள் பிரிந்து வரும், ஆனால் ஒவ்வொரு லேயரும் முழுக் கேன்வாஸ் அளவில் இருக்கும். எல்லாவற்றின் ஆங்கர் பாயின்ட்டும் (சுழல்மையம்) படத்தின் நடுவில். பின்னணி, முன்னணி மரங்கள் போன்ற காட்சி அடுக்குகளுக்கு இது நல்லது.

'கம்போசிஷன் – ரீட்டெய்ன் லேயர் சைஸஸ்' என்றால் ஒவ்வொரு லேயரும் தன் அளவில், ஆங்கர் பாயின்ட் தன் நடுவில். பாட்டி போன்ற பாத்திரத்துக்கு இதுதான்.

லேயர் ஸ்டைலை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்கும். ஏற்கெனவே சுட்டுவிட்டதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. ப்ராஜெக்ட் பேனலில் ஒரு கம்போசிஷனும், லேயர்கள் அடங்கிய ஃபோல்டர் ஒன்றும் வரும். கம்போசிஷனைத் திறந்து கன்ட்ரோல் + கே அழுத்தி ஃப்ரேம் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) நீளத்தையும் பாருங்கள். அவை உங்கள் படத்திலிருந்து வருவதில்லை. 24 ஃப்ரேமில் செய்யப்போகும் வேலை 30-ல் தொடங்கிவிட்டால் பாதியில் மாற்றுவது தலைவலி.

அப்புறம் உடனே ஆங்கர் பாயின்ட். ஒய் விசையை அழுத்தினால் பேன் பிஹைண்ட் கருவி வரும். முன்கையின் ஆங்கரை முழங்கை வட்டத்தின் நடுப்புள்ளிக்கு நகர்த்துங்கள், மேற்கையினதைத் தோளுக்கு, உள்ளங்கையினதை மணிக்கட்டுக்கு. அது முடிந்தபின் உள்ளங்கையை முன்கைக்கும், முன்கையை மேற்கைக்கும், மேற்கையை உடம்புக்கும் பேரன்ட் செய்யுங்கள், அதாவது ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே போகும்படி இணையுங்கள். இவை முடியும் வரை ஒரு கீஃப்ரேம்கூட (அசைவைப் பதியும் குறி) வேண்டாம். அசைத்துவிட்டு ஆங்கரை மாற்றினால் அசைவு முழுக்க இடம் பெயரும். ஆர் விசை அழுத்தி ஒவ்வொரு மூட்டையும் 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். இடைவெளியோ குறுக்குக் கோடோ தெரிந்தால் அனிம் ஃபைலுக்குத் திரும்பிச் சரிசெய்வது இப்போது சுலபம்.

மற்ற இடங்களில்

ஓப்பன்டூன்ஸ், ஸ்டூடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள் 2016 மார்ச்சில் திறமூலமாக வெளிவந்த வடிவம். அதில் 'லோட் லெவல்' வழியாக பி.எஸ்.டி.யைக் கொடுத்தால் ஒரே படமாகவா, ஃப்ரேம்களாகவா, நெடுவரிசைகளாகவா ('காலம்ஸ்') என்று கேட்கும். உடல் துண்டுகளுக்கு நெடுவரிசை. வாய் வடிவங்களை மட்டும் தனி பி.எஸ்.டி.யாக எடுத்து ஃப்ரேம்களாக ஏற்றினால், ஒரே நெடுவரிசையில் எண்ணை மாற்றி மாற்றி வாயசைவு கொடுக்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட வசதியான ஏற்பாடு இலவச மென்பொருள்களில் அரிது.

பிளெண்டர் பி.எஸ்.டி. லேயர்களைப் பிரித்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு லேயரையும் பி.என்.ஜி.யாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'எக்ஸ்போர்ட்' பட்டியலில் 'லேயர்ஸ் டு ஃபைல்ஸ்', கிருதாவில் 'டூல்ஸ்' பட்டியலில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் 'எக்ஸ்போர்ட் லேயர்ஸ்'. ஓரத்தை வெட்டும் ட்ரிம் தேர்வை எடுத்துவிடுங்கள். எல்லாப் படமும் முழுக் கேன்வாஸ் அளவில் இருந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும். 4.2 பதிப்பிலிருந்து 'ஆட்' பட்டியலில் 'இமேஜ்', அதற்குள் 'மெஷ் பிளேன்'. அதற்கு முந்தையவற்றில் 'இமேஜஸ் ஆஸ் பிளேன்ஸ்' என்ற ஆட்-ஆனை இயக்க வேண்டும். எல்லாப் பரப்பும் ஒரே ஆழத்தில் இருந்தால் ரெண்டரில் மினுமினுக்கும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஆழத்தில் சிறு இடைவெளி கொடுங்கள்.

வந்தது சரியா என்று பார்க்க

எடுத்து வைத்த ஒட்டிய பி.என்.ஜி.யை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கம்போசிஷனில் எல்லாவற்றுக்கும் மேலே போட்டு, அதன் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக மாற்றுங்கள். பாட்டி இருக்கும் இடம் முழுக்கக் கறுப்பாகிவிட்டால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால் அந்த லேயர் நகர்ந்திருக்கிறது, அல்லது நிழல் மோடு மாறியிருக்கிறது. கண்ணால் ஒப்பிட்டு அலுப்பதைவிட இது ஐந்து வினாடி வேலை.

துண்டுகளின் ஓரத்தில் வெள்ளையோ கறுப்போ மெல்லிய விளிம்பு தெரிந்தால், முதலில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஆல்ட் + ஜி வழியாக ஆல்ஃபா (ஒளிபுகும் இடங்களைக் குறிக்கும் சேனல்) 'ஸ்ட்ரெய்ட்'டா, 'ப்ரீமல்டிப்ளைட்'டா என்பதை மாற்றிப் பாருங்கள். போகவில்லை என்றால் விளிம்பு படத்திலேயே இருக்கிறது: வெள்ளைப் பின்னணியில் வரைந்து வெட்டியதன் மிச்சம். ஃபோட்டோஷாப்பில் 'லேயர்' பட்டியலின் 'மேட்டிங்' பகுதியில் அதை அகற்றலாம்.

பின்னால் படத்தை மாற்றும்போது

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படத்தைத் தனக்குள் விழுங்கிக்கொள்வதில்லை, ஃபைல் இருக்கும் இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது. ஃபோல்டரை நகர்த்தினால் தொடர்பு அறும். வேறு கணினிக்குக் கொண்டுபோக 'ஃபைல்' பட்டியலின் 'டிபென்டன்சீஸ்' பகுதியில் 'கலெக்ட் ஃபைல்ஸ்' இருக்கிறது.

அனிம் பி.எஸ்.டி.யில் கண்ணாடியின் நிறத்தை மாற்றிச் சேமித்தால், ஃபுட்டேஜைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஆல்ட் + எல் அழுத்தினால் புதிது வந்துவிடும். லேயரை நீக்காதீர்கள், கேன்வாஸை வெட்டாதீர்கள், பெயரைத் தொடாதீர்கள். வேண்டாத லேயரை அனிமேஷன் மென்பொருளில் அதன் கண் குறியை அணைத்து மறைத்து வைத்தால் போதும்.

புதிதாக ஒரு லேயர் சேர்த்தால் மட்டும் அது தானாகக் கம்போசிஷனுக்குள் வராது. பாட்டிக்கு ஒரு மூக்குத்தி வரைந்தீர்கள் என்றால், அதே பி.எஸ்.டி.யை மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். இந்த முறை 'ஃபுட்டேஜ்' என்று கொடுத்து, லேயர் பட்டியலில் மூக்குத்தியைச் சுட்டி, அளவில் 'டாக்குமென்ட் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழுக் கேன்வாஸ் அளவில் வருவதால், பாட்டி அசையத் தொடங்காத ஃப்ரேமில் நின்று கம்போசிஷனின் நடுவில் போட்டதும் மூக்குத்தி மூக்கில் போய் உட்காரும். ஆங்கரைச் சரிசெய்து தலையோடு பேரன்ட் செய்துவிட்டு வேலையைத் தொடரலாம்.